மூன்று இரவும் ஒரு ஞாயிறும்: வேலூர்க் கிராமச் சபைக்குப் போதிக்கப் போகிறவர்களுக்கு

வேலூர்ப் பக்கம் வளர்ந்துவருகிற கிராமத்துக் கிறிஸ்தவ சபை என்றால் பெரும்பாலும் ஒரு தகரக் கொட்டகை, நாற்பதிலிருந்து அறுபது பேர், அதில் பெண்களே அதிகம். ஆயருக்கு (பாஸ்டருக்கு) அவர் பொறுப்பிலுள்ள வட்டாரமான குருசேகரத்தில் இப்படிப் பல சபைகள் இருக்கும். திருவிருந்துக்கு மாதத்தில் ஒருமுறை வந்துபோவார். மற்ற ஞாயிறுகளின் பிரசங்கம், வீட்டு ஜெபம், நோயாளி விசாரிப்பு எல்லாம் ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கிற உபதேசியார் தலையில்தான். வெளியிலிருந்து சில நாள் ஊழியத்துக்குப் போகிற குழு, அந்த உபதேசியாருக்காகவும் அவருக்குத் தோள்கொடுக்கக்கூடிய நாலைந்து விசுவாசிகளுக்காகவும் போகவேண்டும். பெரிய கன்வென்ஷன் நடத்திவிட்டு வந்தால் கூட்டம் நிறையும், அழுகையும் ஸ்தோத்திரமும் கேட்கும். ஆனால் அடுத்த ஞாயிறு உபதேசியார் முன்பைவிடத் தனியாக நிற்பார். ஜனங்கள் வெளியூர்ப் பிரசங்கியாரோடு அவரை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பவுலும் பர்னபாவும் தாங்கள் விரட்டப்பட்ட லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியாவுக்கே திரும்பிப் போய் சீஷர்களைத் திடப்படுத்தி, சபைதோறும் மூப்பரை ஏற்படுத்திவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். இந்த மண்ணுக்கும் அது தெரிந்த முறைதான். 1853-ல் அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் அமைந்த நாளிலிருந்து ஊர் ஊராகப் போய்வருகிற ஊழியம் இங்கே நடக்கிறது. 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர், பிற்பாடு குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். அம்மா இந்த வாரமும் வருவார் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் காத்திருந்தார்கள். ஆகவே ஒரு சபையைத் தேர்ந்துகொண்டு அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். வருஷத்துக்கு ஒரு புது ஊர் வேண்டாம்.

பொங்கல் கழிந்து தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் உள்ள நாட்கள் உகந்தவை. அக்டோபரிலிருந்து மழை, போதாததற்கு மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் வேலை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் யாரும் உட்காரமுடியாது. பகலில் கூட்டம் வைத்தால் ஆள் வராது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் வீடு வருவார்கள். வந்து உலை வைத்து இறக்கிய பிறகுதான் சபைக்குக் கிளம்பமுடியும். பீடி சுற்றுகிறவர்களுக்கும் தறி நெய்கிறவர்களுக்கும் பகல் நேரம் கூலி நேரம். அதனால் வியாழன், வெள்ளி, சனி இரவு 7:30 முதல் 9 மணி வரை, பிறகு ஞாயிறு ஆராதனை. இரண்டு மாதம் முன்பே ஆயரிடமும் உபதேசியாரிடமும் பேசி, சபை எதில் திணறுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நான்கு வேளைக்கும் பவுலின் பிலிப்பியர் நிருபம் பொருந்தும். நான்கு அதிகாரம், 104 வசனம். லீதியாளின் வீட்டில் ஆரம்பித்த சிறு சபைக்கு எழுதியது. அவள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத்துணி விற்றவள் என்றதும், துணியும் தறியும் தெரிந்த குடியாத்தத்துப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் இரவு குழு போதிக்கட்டும். இரண்டாம் இரவு பாதியைக் குழுவும் பாதியை உள்ளூர் சகோதரர் ஒருவரும் எடுக்கட்டும். மூன்றாம் இரவு முழுவதும் உள்ளூர்க்காரர்கள். குழு தரையில் ஜனங்களோடு உட்காரவேண்டும். ஞாயிறு நான்காம் அதிகாரத்தை உபதேசியாரே பிரசங்கிக்கட்டும். பல பேர் பாடத்தை ஒப்புக்கொடுக்கத் துணியாமல் நாலு வேளையும் தாங்களே பேசிவிடுகிறார்கள். பயணம் வீணாவது அங்கேதான்.

வாசிக்கத் தெரியாத பாட்டிமார் முன்வரிசையில் இருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துப் பாடம் நடத்துங்கள். பகுதியை மூன்று தடவை உரக்க வாசியுங்கள். முதல் தடவை கேட்டால் போதும். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி வாசிக்கவேண்டும். மூன்றாவதை உள்ளூரில் ஒருவர் வாசிக்கட்டும். பிறகு, "கேட்டதை யாராவது சொல்லுங்கம்மா" என்று விட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு நிமிஷம் யாரும் வாய்திறக்கமாட்டார்கள். அந்த அமைதியைப் பொறுக்காமல் பாடம் நடத்துகிறவர் தானே பதில் சொல்லிவிட்டால், அதன்பின் யாரும் பேசமாட்டார்கள். பொறுத்திருந்தால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அது பாதி தப்பாக இருந்தாலும் குறுக்கே திருத்தாமல், அதே வசனத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். தப்பு தானே சரியாகும்.

நான்காம் அதிகாரத்தில் ஒரு கவனம் தேவை. எயோதியாளும் சிந்திகேயாளும் ஒருமனப்பட வேண்டும் என்று பவுல் கெஞ்சுகிற இடத்தில், மகளிர் குழுக் கடனில் முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் எல்லார் மனதிலும் வருவார்கள். மேடையிலிருந்து ஜாடையாகக்கூடப் பேசவேண்டாம் என்று உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐயரம்மா (உபதேசியாரின் மனைவி) தனியாகப் போய் அந்த இருவரையும் பார்ப்பது நல்லது.

மைக் செட்டில் எக்கோவை முழுக்கக் குறையுங்கள். தகரக் கூரையின் எதிரொலியோடு அதுவும் சேர்ந்தால் வசனம் ஒன்றுமே விளங்காது. அறுபது பேருக்கு மைக் இல்லாமலே பேசலாம். ஊரில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவதும், கைப்பிரதியோடு தெருவில் இறங்குவதும் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் உபதேசியார்.

ஞாயிறு சாப்பாட்டுச் செலவைச் சபை கடன் வாங்கிச் செய்துவிடும். அதனால் சாமானை முன்னதாகவே வாங்கிக் கொடுங்கள். அறுபது பேருக்கு அரிசி 8 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2 கிலோ, கோழி 9 கிலோ போதும். தனி ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். கொடுக்க நினைப்பதைச் சபைக் கணக்கில் ரசீதோடு சேருங்கள். வெளிநாட்டு விருந்தினர் உடன் வந்தால் இரண்டு சட்டம் உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர் போதிக்கக்கூடாது. மிஷனரி விசா தனி. 2010-ம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவோ அனுமதியோ இல்லாத சபை அவர் கொடுக்கும் பணத்தை வாங்கமுடியாது. 2020 திருத்தத்துக்குப் பின், பதிவுபெற்ற நிறுவனம் ஒன்று வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் வழியில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்கு வரிசை நிற்கும். உபதேசியாரும் ஐயரம்மாவும் தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பிள்ளையின் படிப்பு, புருஷனின் குடி, மாமியாரின் சர்க்கரை என்று சொல்லப்படுவதெல்லாம் அடுத்த வாரமும் விசாரிக்கப்பட வேண்டியவை. விசாரிக்க அங்கே இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கிளம்புமுன் அடுத்து வரும் தேதியைக் குறித்துவிடுங்கள். பாடம் எடுத்த நாலைந்து பேருக்கும் ஆளுக்கொரு நோட்டும் பெரிய எழுத்து வேதாகமமும் கொடுத்து, யாக்கோபு நிருபத்தின் ஐந்து அதிகாரத்தை ஐந்து வாரத்துக்குப் பங்கிட்டுவிடுங்கள். சனிக்கிழமை இரவு போன் செய்து, நாளைக்கு யார் முறை, எங்கே தடுமாறுகிறது என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் எப்படியும் நடந்துவிடும். மூன்றாம் வாரம் யாராவது கம்பெனியில் ஓவர்டைம் என்று நின்றுவிடுவார்கள். அந்த வாரம் போன் தவறக்கூடாது.