ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட்ல நான் ஒருத்திதான்

எங்க கம்பெனில ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட்னா அது நான் ஒருத்திதான். அக்கவுண்ட்ஸ்ல ஒரு சந்தேகம்னா பக்கத்து சீட்ல கேட்டுக்கலாம், என் வேலையில சந்தேகம் வந்தா கேக்க அந்த பில்டிங்லயே ஆள் கிடையாது, ஒரு கோர்ஸ் எடுபடலன்னா ஏன்னு எனக்கும் புரியாது மேனேஜருக்கும் புரியாது, எத்தனை பேர் முடிச்சாங்கன்னு மட்டும் கேப்பார். இப்படி வேற வேற கம்பெனில தனியா உக்காந்திருக்கிற ட்ரெய்னிங் ஆளுங்களும் இன்டர்னல் கம்யூனிகேஷன், அதாவது கம்பெனி விஷயத்த ஸ்டாஃபுக்கு கொண்டு சேக்குற வேலை பாக்குறவங்களும் மாசம் ஒரு தடவை கூடி பேசுற குரூப்ல நான் சேந்து ஆறு வருஷம் ஆச்சு.

முதல் ஒரு வருஷம் பெருசா பிரயோஜனம் இல்ல. யாராவது ஒருத்தர் ஸ்லைடு போட்டு அவங்க ஜெயிச்ச கதைய சொல்லுவாங்க, நாங்க கை தட்டிட்டு கிளம்பிடுவோம். அவங்களுக்கு இருந்த பட்ஜெட்டும் டீமும் நமக்கு கிடையாதே, எத எடுத்துட்டு போறது?

அப்புறம் குரூப்ல சீனியரா இருந்தவர்தான் ரெஜ் ரெவன்ஸ் பத்தி சொன்னார். 1940கள்ல பிரிட்டன்ல நிலக்கரி சுரங்க மேனேஜர்கள சின்ன சின்ன குழுவா உக்கார வச்சு, வெளியில இருந்து நிபுணர கூட்டிட்டு வந்து பாடம் எடுக்காம, ஒருத்தர் பிரச்சனைய மத்தவங்க கேள்வி கேட்டே பிரிச்சு பாக்க வச்சவர் அவர், ஆக்‌ஷன் லேர்னிங்னு அதுக்கு பேர். நாங்களும் அப்படியே மாத்திக்கிட்டோம். ஒரு மீட்டிங்குக்கு ஒரே ஒரு பிரச்சனை, அதுவும் இன்னும் முடியாத பிரச்சனை. முதல் இருபது நிமிஷம் கேள்வி மட்டும்தான், "நானா இருந்தா என்ன பண்ணிருப்பேன்னா"ன்னு யாராவது ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திடுவோம்.

என் டர்ன் வந்தப்போ டேட்டா பாதுகாப்பு கோர்ஸ எடுத்துட்டு போனேன். கிட்டத்தட்ட எல்லாரும் முடிச்சிருந்தாங்க, டெஸ்ட்ல நல்ல மார்க்கு, ஆனா கஸ்டமர் ஃபைல பர்சனல் மெயிலுக்கு அனுப்புறது மட்டும் நிக்கவே இல்ல. ஃபேக்டரி ஷிஃப்ட் ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குற ஒருத்தர் பொறுமையா கேட்டார், "மேடம், அவங்க அத வேற எப்படி அனுப்ப முடியும்?" எனக்கு பதில் தெரியல. மறுநாள் போய் ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்து பாத்தேன், பெரிய ஃபைல்னா ஆபீஸ் மெயில் திருப்பி அனுப்பிடுது, ஷேர் ஃபோல்டருக்கு பர்மிஷன் கேட்டா வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகுது, கஸ்டமரோ லைன்ல காத்திருக்காரு. ரூல் அந்த பொண்ணுக்கு என்ன விட நல்லா தெரியும். ஒரு ட்ரெய்னிங் எடுபட்டுச்சான்னு அளக்க 1959லயே கிர்க்பாட்ரிக்ங்கிறவர் நாலு படி எழுதி வச்சாரு, பிடிச்சிருந்துச்சா, கத்துக்கிட்டாங்களா, வேலையில மாறுச்சா, பலன் வந்துச்சான்னு, அத பரிட்சைக்கே படிச்சவ நான், ஆனா மூணாவது படிக்கு போக கோர்ஸ் மட்டும் போதாதுன்னு அந்த சீட் பக்கத்துல உக்காந்தப்போதான் உறைச்சுது. இன்னொரு கோர்ஸ் போடாம ஐடி டீம்கிட்ட போய் பர்மிஷன் விஷயத்த பேசினேன், அவங்களும் மாத்தி குடுத்தாங்க.

அந்த மாத்தத்த அறிவிக்க நான் எழுதின மெயிலோட சப்ஜெக்ட், "தகவல் பாதுகாப்பு நடைமுறை - திருத்தம்". குரூப்ல கம்யூனிகேஷன் பாக்குற அக்கா அத பாத்துட்டு "பெரிய கஸ்டமர் ஃபைல இனி அஞ்சு நிமிஷத்துல அனுப்பலாம்"னு மாத்தி குடுத்தாங்க. ட்ரெய்னிங்கும் கம்யூனிகேஷனும் ஒரே குரூப்ல இருக்கணும்னு நான் அடிச்சு சொல்றது இதனாலதான், ரெண்டு பேரும் போய் கதவு தட்டுறது வேலை பாக்குற அதே ஆளுகிட்ட, அவருக்கு இருக்கிறது அதே எட்டு மணி நேரம்.

இதெல்லாம் மனசு விட்டு பேச நம்பிக்கை வேணும். லண்டன்ல இருக்கிற சாத்தம் ஹவுஸ்ங்கிற ஆராய்ச்சி அமைப்பு 1927ல கொண்டு வந்த விதியத்தான் நாங்களும் வச்சிருக்கோம், கேட்டத தாராளமா பயன்படுத்தலாம், யார் சொன்னது எந்த கம்பெனின்னு வெளியில போகக்கூடாது. நடுவுல ஆளு கூடி நாப்பது பேர் ஆனப்போ பேச்சே அடங்கிப் போச்சு, ஏழெட்டு பேரா பிரிஞ்சதும்தான் திரும்ப உயிர் வந்துச்சு. சாஃப்ட்வேர் விக்க வர்றவங்கள சேத்துக்குறதில்ல, அதுல எனக்கு துளி வருத்தமும் கிடையாது.

அடுத்த மாசம் மறுபடி என் டர்ன். புதுசா சூப்பர்வைசர் ஆனவங்களுக்கான ப்ரோக்ராம், மூணு தடவை மாத்தி எழுதியும் நடு செஷன்ல எல்லாரும் மௌனமாயிடுறாங்க. ஸ்லைடு எதுவும் போடல, அவங்க எழுதி குடுத்த ஃபீட்பேக் பேப்பர மட்டும் அப்படியே எடுத்துட்டு போறேன்.