டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஒரு பெட்டி: ஆகஸ்டிலிருந்து தை வரை

தேவை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கச்சேரி வேண்டும், அப்பாவுக்கு விவசாய நிகழ்ச்சியும் செய்தியும் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் தூர்தர்ஷனில்தான் வருகின்றன, அதுவும் இருவருக்கும் தோதில்லாத நேரத்தில். யூடியூப்பில் வந்துவிடுமே என்பார்கள். சிலது வரும், சிலது வராது, வந்ததும் சில மாதங்களில் காணாமல் போகும். பெரும்பாலும் தை மாதம் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனையைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டுகிறது. அது காலை வேளை, அம்மா அப்போது வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். அதைப் பதிவு செய்து மாலையில் முழுசாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் நான் வைத்த இலக்கு.

ஆகஸ்ட்: கடை ஏறி இறங்கியது

சென்னை போனபோது ரிச்சி தெருவில் விசாரித்தேன். டி.வி.ஆர். (வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டி) என்று கேட்டால், கண்காணிப்புக் கேமராவுக்கு என்று நினைத்து "நாலு கேமராவா, எட்டு கேமராவா சார்?" என்கிறார்கள். டிவியைப் பதிவு செய்ய என்று விளக்கினால் ஒரு நிமிஷம் யோசித்து, "அதெல்லாம் இப்ப யார் சார் கேக்குறா" என்று உள்ளே திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1999-இல் டிவோ என்ற டிவி ரெக்கார்டர் பெட்டி வந்தபோது இது ஒரு பெரிய சமாச்சாரம். நம் ஊரில் டெக்கிலிருந்து (வி.சி.ஆர்.) நேராக சிடி, டிவிடி என்று போய், அங்கிருந்து ஓடிடிக்குத் தாவிவிட்டோம். நடுவில் இருந்த ரெக்கார்டர் காலம் நம் வீடுகளுக்குள் சரியாக வரவே இல்லை.

முதலில் யோசித்தது டி.டி.எச். நிறுவனங்களே தரும் ரெக்கார்டர் பெட்டி. ரிமோட்டில் ஒரு பட்டன், வேலை முடிந்தது. நிகழ்ச்சி அட்டவணையும் நன்றாக இருக்கும், அப்பாவே கையாளலாம். ஆனால் பதிவாகும் கோப்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. பெட்டி பழுதாகி வேறு பெட்டி கொடுத்தால் பழைய பதிவுகள் போச்சு. சந்தா நின்றாலும் பெரும்பாலும் அதே கதிதான். டெக் இருந்த நாட்களில் ஈ-180 கேசட்டில் மூன்று மணி நேரம் பதிவு செய்து பக்கத்து வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்க முடிந்தது. அந்த அளவு சுதந்திரமாவது இப்போதும் வேண்டும் என்று தோன்றியது. ஆக, எந்தப் பெட்டி என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, பதிவான கோப்பு என் கையில் இருக்குமா என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். பாதிப் பட்டியல் அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

செட்டாப் பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டைக் கேப்சர் கார்டு வழியாகக் கணினிக்குக் கொண்டுவரலாம் என்றும் ஒருவர் சொன்னார். பெட்டி எச்.டி.சி.பி. என்ற காப்பித் தடுப்புப் பூட்டுப் போட்டிருந்தால் கறுப்புத் திரைதான் மிச்சம். அதைக் கழற்றும் ஸ்ப்ளிட்டர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. தவிர, பெட்டி விரித்துக் காட்டிய படத்தை மறுபடி சுருக்கிச் சேமிப்பதால் தரம் குறையும், பதிவு முடியும்வரை பெட்டியையும் வேறு சானலுக்கு மாற்ற முடியாது. டிஷ்ஷிலிருந்து வரும் ஒளிபரப்பை அப்படியே வட்டில் எழுதிவிட்டால் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை.

அப்படி எழுத, பூட்டில்லாத ஒளிபரப்பு வேண்டும். அதற்கு டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்று ஆரம்பித்தது, சந்தா கிடையாது. பொதிகை, 2024 ஜனவரியிலிருந்து டி.டி. தமிழ் என்ற பெயரில் அதில் வருகிறது. சட்டம் எப்படி என்றும் பார்த்துக்கொண்டேன்: ஒளிபரப்பை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்வது உரிமை மீறல் ஆகாது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. காப்பி போட்டு விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு விஷயம்.

செப்டம்பர்: மலிவுப் பெட்டி

முதல் சோதனை யூ.எஸ்.பி. துளை வைத்த இலவச சானல் பெட்டியில். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது.

டிஷ் தனியாக வாங்கவில்லை. மாடியில் பழைய சன் டைரக்ட் டிஷ் சும்மா கிடந்தது. அதைத் திருப்பி வைக்க, டிஷ் மாட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டேன். ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "ஏன் தம்பி திருப்பணும்? ரெண்டும் ஒரே இடத்துலதான் இருக்கு." உண்மைதான். இரண்டுமே 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. திருச்சியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால் எங்கள் தெருவில் பக்கத்து மாடியும் வேப்பமரமும் மறைக்கவில்லை. மாற்ற வேண்டியிருந்தது எல்.என்.பி.யின் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் பாகம்) கீழே இருந்த எஃப் கனெக்டரை, அதாவது கேபிள் முனையில் வரும் திருகை, மட்டும். ரப்பர் உறை வெடித்து, உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி, செப்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அண்ணன் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, புது கனெக்டர் முறுக்கி, மேலே டேப் சுற்றினார். சிக்னல் தரம் 40-களிலிருந்து 70-க்கு மேல் ஏறிவிட்டது.

பெட்டி பதிவு செய்தது, குறை சொல்ல முடியாது. கோப்பைக் கணினியில் போட்டால் வி.எல்.சி. பிளேயரில் ஓடியது, அதுவே பெரிய சந்தோஷம். கஷ்டம் வேறு இடத்தில். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்கு எளிது: நொடிக்கு 1 மெகாபிட் என்றால் மணிக்கு 450 எம்பி. 3 மெகாபிட்டில் வரும் சானலில் மூன்று மணி நேரக் கச்சேரி எடுத்தால் 4 ஜிபியைத் தொட்டுவிடும். பெட்டி அந்த இடத்தில் கோப்பை வெட்டி அடுத்ததைத் தொடங்குகிறது, நடுவில் சில நொடிகள் விழுங்கிவிடுகிறது. ஒருமுறை அது சரியாகத் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் நடந்தது. அந்த எல்லை இல்லாத என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினால் அந்தப் பெட்டி டிரைவையே கண்டுகொள்ளவில்லை. மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும், யாராவது ஆன் செய்து ஒரு சானலைக் காட்டும்வரை டைமர் வேலை செய்யாது. ஆள் வீட்டில் இருக்கும்போது பயன்படுத்த இந்தப் பெட்டி போதும். ஆள் இல்லாதபோதுதானே எனக்குப் பதிவே வேண்டும்?

அக்டோபர், நவம்பர்: ராஸ்பெர்ரி பை

சரி, நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஏற்கெனவே இருந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி (சுருக்கமாக 'பை'), டிஷ் சிக்னலிலிருந்து சானலைப் பிடித்துத் தரும், யூ.எஸ்.பி.யில் மாட்டும் டி.வி.பி.ஸ்கை எஸ்960 ட்யூனர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பதிவையும் டைமரையும் கவனித்துக்கொள்ளும் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள். இந்த ட்யூனரை எடுத்ததற்குக் காரணம், பையில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது. ட்யூனருக்குள் ஓடும் ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் தேடி அதற்குரிய ஃபோல்டரில் வைத்தால் போதும். வேறு சில ட்யூனர்களுக்கு ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் டிரைவரைத் தனியாகக் கம்பைல் செய்து நாமே உருவாக்க வேண்டியிருக்கும். பொழுதுபோக்குதான் என்றாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

ட்யூனருக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வருகிறது, எல்.என்.பி.க்கு மின்சாரம் அதிலிருந்துதான் மேலே போகிறது. ஹார்ட் டிஸ்க்கை நேராக ராஸ்பெர்ரி பையில் மாட்டாமல், தனி அடாப்டர் உள்ள ஹப்பில் மாட்டினேன். பை 4-இன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அது போதாமல் போகலாம்.

டிவிஹெட்எண்டை பிரௌசரில் 9981 போர்ட்டில் திறக்க வேண்டும். முதல் பார்வைக்கு மிரட்டும். முன்கூட்டியே வரும் பட்டியலில் ஜிசாட்-15 விவரங்கள் பழசாக இருந்ததால், அதிர்வெண், சிம்பல் ரேட், போலரைசேஷன் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றினேன். ஸ்கேன் முடிந்து சானல் பெயர்கள் வரிசையாக வந்து விழுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, எந்த விளம்பரத்திலும் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. "ஒரே நேரத்தில் எத்தனை சானல் பதிவு செய்யலாம்?" என்று கேட்டால் பதில், அந்த சானல்கள் செயற்கைக்கோளின் எந்த டிரான்ஸ்பாண்டரில் (ஒரு கட்டு சானல்களை ஒன்றாக அனுப்பும் பகுதி) வருகின்றன என்பதைப் பொறுத்தது. செயற்கைக்கோளிலிருந்து சானல்கள் தனித்தனியாக வருவதில்லை, கட்டுக்கட்டாக வருகின்றன. ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டும் பிடிக்கும். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் எத்தனை பேரானாலும் அழைத்துக்கொள்ளலாம், அதே நேரம் வேறு ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கு இன்னொரு ஆள் போக வேண்டும். ஒரே டிரான்ஸ்பாண்டரில் உள்ள மூன்று சானல்களை ஒரே ட்யூனரில் ஒரே நேரம் பதிவு செய்து பார்த்தேன், பை அசரவே இல்லை. அதற்கு வேலையே இல்லை, வருவதை அப்படியே வட்டில் எழுதுகிறது, அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் கச்சேரியும் அப்பாவின் செய்தி சானலும் வேறு வேறு டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்தாலும் இது தீராது. ட்யூனர் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலைகளைத் தரும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளை. இரண்டு ட்யூனர்கள் ஒரே கம்பியில் இரண்டு விதமாகக் கேட்டால் 18 கேட்டவர் ஜெயிப்பார், மற்றவருக்குத் திரை உறைந்துபோகும். இரண்டு வெளியீடு உள்ள ட்வின் எல்.என்.பி.யும் மாடியிலிருந்து இரண்டாவது கேபிளும்தான் முறையான வழி.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது டி.டி.எச். வரும் கேயூ பேண்ட் அலைவரிசையில் சிக்னல் விழும். டிவிஹெட்எண்டில் முடிந்த பதிவுகளின் பக்கத்தில் தரவுப் பிழை எண்ணிக்கை தெரியும். சாதாரண நாளில் பூஜ்யம், நவம்பரில் ஒரு மாலைப் பதிவில் ஆயிரக்கணக்கில் இருந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தாலும் பதிவு நிற்கவில்லை, சிக்னல் வந்ததும் தானே தொடர்ந்தது. இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மார்கழி

நிகழ்ச்சி அட்டவணை இங்கே எனக்குக் கைகொடுக்கவில்லை. வருவது கொஞ்சம், வருவதும் மொட்டையாக இருக்கிறது. அதனால் நேரத்தை வைத்தே டைமர் போடுகிறேன், முன்னால் 5 நிமிடம், பின்னால் 20 நிமிடம் சேர்த்து. கச்சேரி மங்களம் பாடி முடியும்வரை வேண்டும் என்றால் பின்பக்கம் தாராளமாக விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் ஜிபி ஆகிறது. 1 டிபி வட்டில் சுமார் 800 மணி நேரம் பிடிக்கும். வட்டை லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட் முறையில் வைத்ததால் 4 ஜிபித் தொல்லையும் தீர்ந்தது.

மின்தடைதான் உண்மையான எதிரி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலைதான் வரும். பை, ட்யூனர், ஹப், ரூட்டர் நான்கையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். பை 4-இல் மின்சாரம் இல்லாதபோது நேரம் காட்டும் கடிகாரம் கிடையாது. இணையம் கிடைத்தால்தான் நேரம் தெரியும். அதற்கு டி.எஸ்.3231 என்ற சின்ன கடிகார மாட்யூலைச் செருகினேன், ஒரு பட்டன் பேட்டரியில் ஓடுகிறது. இப்போது இணையமே இல்லாமல் மறுபடி எழுந்தாலும் டைமர் தப்புவதில்லை. இந்தக் கட்டமைப்பிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது அந்த மாட்யூல்தான்.

பார்ப்பதற்கு டிவியில் கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் மென்பொருளை நிறுவியிருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு புகார் இருந்தது. கோப்புகள் சானல் பெயர், தேதி என்று இருந்தன. "தேதிய வச்சு நான் என்னடா பண்றது? என்ன ஓடுச்சுன்னு போடு" என்றார். நியாயம்தான். டைமர் போடும்போதே "நெல் நாற்று", "வயலின் கச்சேரி" என்று தமிழில் தலைப்பு கொடுக்கிறேன், கோப்புக்கும் அதே பெயர் வந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகள் கோடியில் ஒழுங்காகத் தெரிய, அமைப்பில் எழுத்துருவை மாற்ற வேண்டியிருந்தது.

தை

ஆராதனை அன்று முந்தைய இரவே டைமரைச் சரிபார்த்துவிட்டு நானும் வேலைக்குப் போய்விட்டேன். மதியம் போனிலிருந்து பார்த்தேன்: பதிவு முடிந்தது, பிழை பூஜ்யம். மாலையில் அம்மா காபியோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார். நடுவில் நிறுத்தி, ரீவைண்ட் செய்து, வரிசையில் உட்கார்ந்திருந்த தன் பழைய பாட்டு டீச்சரை எனக்குக் காட்டினார். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். பதிவான டிஎஸ் கோப்பை மறுபடி சுருக்காமல் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வெட்டினால் ஒரு நிமிஷ வேலை.

டிவி பார்த்தபடியே நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் டைம்ஷிஃப்ட் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை, ரிமோட்டை அழுத்தியதும் சில நொடிகள் திணறுகிறது. ரெக்கார்டர் பெட்டிகள் இதில் எவ்வளவோ தேவலை. நேரமோ பொறுமையோ இல்லாதவர்கள், கோப்பு கையில் வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லாதவர்கள், பேசாமல் அதையே வாங்கலாம்.

அடுத்த வேலை ட்வின் எல்.என்.பி.யும் இரண்டாவது ட்யூனரும். டிஷ் அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் டிஷ்ஷுக்கான ஆர்.ஜி.6 கேபிள் வாங்கி வைக்க வேண்டும், உள்கம்பி முழுச் செம்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார்.