யுடிசி ராத்திரியும் நம்ம ராத்திரியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஸ்வார்ம் செயற்கைக்கோள்களின் தரவை எடுப்பவர்கள், கோப்பில் உள்ள நேரத்தை இரண்டு தடவை பாருங்கள். அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்; நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நான் பார்க்கவில்லை, மூன்று வாரம் போனது.

பூமி மேலோட்டின் அடியாழக் காந்தத்தன்மைதான் என் ஆய்வு. காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்தே தரவை இறக்கி, பூமியின் காந்தப்புலத்தைக் கணக்கிட்டுத் தரும் கேயாஸ் மாதிரியை வைத்துப் பூமிக் கருவின் புலத்தைக் கழித்தாயிற்று. இரண்டு நாள் வேலை. தரையில் நம் பக்கம் மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). 450 கிலோமீட்டர் உயரத்தில் பாறையின் பங்கு அதில் சில நானோடெஸ்லாதான். காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) வேறு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே, 100 கிலோமீட்டர் தாண்டி, பகலில் எலெக்ட்ரோஜெட் என்ற மின்னோட்டம் வானில் ஓடும்; அதன் புலம் பாறையின் பங்கை மறைத்துவிடும். அதனால் ராத்திரித் தரவுதான் எடுக்க வேண்டும்.

தெரிந்துதான் மாலை 6 முதல் காலை 6 வரை என்று வடிகட்டினேன். யுடிசி காலை 6 என்றால் நமக்குப் பகல் பதினொன்றரை. எலெக்ட்ரோஜெட் உச்சத்தில் இருக்கும் நேரம்!

வரைபடத்தில் கிழக்கு மேற்காக, புலம் குறைந்த ஒரு பள்ளம். காந்த நடுக்கோட்டுப் பக்கம் காந்தப் பாறைக்கு மேலே புலம் கூடாது, குறையும். ஆகா, அடியில் பெரிய பாறைப் பட்டை என்று குதித்தேன். வான்வழிக் காந்த வரைபடத்தோடு ஒப்பிட, விடிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னைக்கும் ஓடினேன். வரைபடம் தரும் அலுவலகத்தில், என் ஆய்வு கைடு கையெழுத்திட்ட கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கைடு கையெழுத்து செல்லாதும்மா, காலேஜ் முதல்வர் கையெழுத்து, சீல் வேணும்." அன்று சாயங்காலப் பல்லவனிலேயே திரும்பினேன். (அன்று வரைபடத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பட்டையைக் கருத்தரங்கில் வேறு காட்டியிருப்பேன்.)

கைடு மேடம் படத்தைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "பள்ளம் அச்சு அசலா காந்த நடுக்கோட்டு மேலயே போகுதே, எத்தனை மணித் தரவு?" மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு எலெக்ட்ரோஜெட்டும் பள்ளமாகத்தான் தெரியும்.

மறுபடி முதலிலிருந்து. மணிக்கணக்கே வேண்டாம், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 10 பாகையாவது இறங்கியிருக்க வேண்டும், காந்தப்புலக் கொந்தளிப்பைக் காட்டும் கேபி எண் 2-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்தேன். பாதிக்கு மேல் தரவு போய்விட்டது. "பகல்ல தெரியாததா ராத்திரியில தெரியப்போகுது ஆத்தா?" என்று அப்பத்தா கேலி செய்தார்.

தெரிந்தது. பட்டை காணாமல் போய், மங்கலாகச் சில ஏற்ற இறக்கங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றையாவது ஒப்பிட வேண்டும். சீல் வைத்த கடிதம் தயார். பல்லவனில்தான் வெயிட்டிங் லிஸ்ட் 14.