பள்ளத்தை மூட நேரம் கொடுங்கள்

பாதாள சாக்கடையும் சாலையும் சேர்ந்து வரும் திட்டத்தில் கடைசியில் எல்லோர் கண்ணிலும் படுவது தார் ரோடுதான். ரோடு சமமாக இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்பார்கள். ஒரு மழைக்காலத்திலேயே உள்வாங்கிவிட்டால் தார் சரியில்லை என்பார்கள். தளப் பொறியாளராக இப்படிப்பட்ட தெருக்களில் நின்ற எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. உள்வாங்கிய இடத்தைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் தாரில் குற்றம் இருக்காது. அதற்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் கீழே, குழாயின் பக்கவாட்டில், சரியாகத் திமிசு அடித்து இறுக்காத மண் கிடக்கும். அந்தப் பள்ளத்தை மூடிய நாளில் யாரோ அவசரப்பட்டிருப்பார்கள். அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் ஏன் அவ்வளவு ஆழம் என்று பார்ப்போம். கழிவுநீர் பம்பு இல்லாமல் தானாக ஓட வேண்டும். வெறுமனே ஓடினால் போதாது, கூட வரும் மண்ணையும் மலத்தையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்குக் குறைந்தது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் தேவை என்பது பொறியாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 200 மில்லிமீட்டர் குழாய்க்கு இதை வாட்டமாக, அதாவது குழாயின் சரிவாக, மாற்றினால் சுமார் 250-க்கு 1 வரும். அதாவது 100 மீட்டர் நீளத்துக்கு 40 சென்டிமீட்டர் இறக்கம். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரிகிறது. ஆனால் மேடு பள்ளம் இல்லாத ஊரில் இதே வாட்டத்தில் ஒரு கிலோமீட்டர் போனால், குழாய் தொடங்கிய மட்டத்திலிருந்து 4 மீட்டர் கீழே போயிருக்கும். அதற்கு மேல் தோண்ட முடியாத இடத்தில் ஒரு நீரேற்று நிலையம் கட்டி, தண்ணீரை மேலே தூக்கிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாட்டம் பிடிக்க வேண்டும்.

இந்த வாட்டத்துக்காக ஒரு நகரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிகாகோவைச் சொல்வேன். ஏரியை ஒட்டிய தட்டையான நிலம் அது. அங்கே 1855-இல் நியமிக்கப்பட்ட தலைமைப் பொறியாளர் எல்லிஸ் செஸ்ப்ரோ, கீழே தோண்டிப் போக வழியில்லை என்று கண்டு, குழாய்களைத் தெருவின் மேலேயே போட்டு அதன் மீது மண் நிரப்பித் தெருக்களை உயர்த்தத் திட்டம் போட்டார். தெரு உயர்ந்ததால் வீடுகள் தாழ்ந்தன. பிறகு கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். 1860-இல் லேக் தெருவில் வரிசையாக நின்ற செங்கல் கட்டடங்களையே மொத்தமாக உயர்த்தினார்கள். 40 சென்டிமீட்டர் இறக்கத்துக்காகத் தளத்தில் நாங்கள் பிடிவாதம் பிடிக்கும்போது, இது வீண் பிடிவாதம் இல்லை என்று எனக்குத் தைரியம் தருவது இந்த வரலாறுதான்.

ஆழம் கூடக்கூட வேலை மெதுவாகும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை எடை இருக்கும். பள்ளத்தின் பக்கச் சுவர் சரிந்தால் உள்ளே நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது. இடுப்பு வரை புதைந்தாலே வெளியே இழுப்பது கஷ்டம். அதனால்தான் 1.5 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் பலகையோ தகடோ வைத்து முட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். குறுகிய தெருவில் இரண்டையும் செய்தால் நடக்கக்கூட இடம் இருக்காது. முட்டு கொடுக்கவும் நேரம் பிடிக்கும், எடுக்கவும் நேரம் பிடிக்கும். இதில் குறைத்துக்கொள்ள எதுவும் இல்லை, குறைக்கவும் கூடாது.

குழாய் இறக்கியதும் கண்ணாடி வைத்துப் பார்ப்போம். ஒரு மேன்ஹோலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மேன்ஹோலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் குழாயின் உட்புறம் முழுதும் தெரியும். முழு வட்டமாக வெளிச்சம் வந்தால் குழாய் நேராக இருக்கிறது. வட்டம் கீழே வெட்டுப்பட்டுப் பிறை நிலா மாதிரி தெரிந்தால் நடுவில் எங்கோ குழாய் மேலே எழும்பியிருக்கிறது, மேலே வெட்டுப்பட்டால் எங்கோ தொங்கியிருக்கிறது. அனுபவசாலியான ஒரு குழாய் மேஸ்திரி இருந்தார். முழு வட்டம் தெரிந்து நாங்கள் சரி என்று எழுதிய பிறகும் அவர், "மண்ணப் போட்ட பிறகு இன்னொரு தடவ பாருங்க சார்" என்பார். ஏன் என்று கேட்டால், "இப்ப குழாய் தனியா இருக்கு. மண்ணு விழுந்த பிறகுதான் அது எப்படிப் படுக்கும்னு தெரியும்" என்பார். அவர் சொன்னது முழுக்கச் சரி. மூடும்போது ஒரு பக்கம் மட்டும் மண்ணைத் தள்ளினால் குழாய் நகரும். மேலிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் இணைப்பு விலகும். அதற்குப் பிறகு, மூடியதும் இரண்டாவது தடவை கண்ணாடி வைத்துப் பார்ப்பதை நாங்கள் எல்லாத் தெருவிலும் வழக்கமாக வைத்துக்கொண்டோம்.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலருக்கும் இது தெரிவதில்லை. பிவிசி, ஹெச்டிபிஇ மாதிரி வளையும் பிளாஸ்டிக் குழாய்கள் தங்கள் சொந்தப் பலத்தில் மட்டும் நிற்பதில்லை. இரண்டு பக்கமும் கெட்டியான மண் தாங்கிக்கொண்டிருப்பதால்தான் அவை வட்டமாகவே இருக்கின்றன. பக்கவாட்டு மண் தளர்வாக இருந்தால் மேலே வண்டி போகப் போகக் குழாய் நீள்வட்டமாக நசுங்கும். விட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நசுங்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. கான்கிரீட் குழாயும் பீங்கான் குழாயும் வளையாது. ஆனால் அடிப்படுகை சமமாக இல்லாவிட்டால் உடையும். ஆக எந்தக் குழாயாக இருந்தாலும் சுற்றியுள்ள மண்ணும் கட்டுமானத்தின் ஒரு பகுதிதான். அதை வெறும் நிரப்பு மண் என்று நினைக்கும் இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

மண்ணை இருபது சென்டிமீட்டர் அளவுக்கு ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். ஈரமும் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஒரு ஈர அளவு உண்டு என்று 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் எழுதினார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்தச் சோதனையைச் செய்கிறோம். தளத்தில் இருப்பவர்கள் கையாலேயே பார்த்துவிடுவார்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் ஒட்டினால் காயவிட வேண்டும், இல்லையென்றால் வேறு மண் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசி ஒன்றைச் சொல்லும்போதுதான் சண்டை வரும்.

சண்டையைத் தவிர்க்கப் பலர் ஒரு குறுக்கு வழியைப் பிடிப்பார்கள். பள்ளம் முழுக்க மண்ணைத் தள்ளிவிட்டு மேலே லாரி லாரியாகத் தண்ணீர் விடுவது. மண் அமிழ்வது கண்ணுக்குத் தெரிவதால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வரும். நல்ல மணலுக்கு, அடியில் தண்ணீர் வடிய வழி இருந்தால், இது ஓரளவு பலிக்கும். களிமண்ணில் அப்படியே சேறாகத் தேங்கும். மேலே காய்ந்து தோல் கட்டும், உள்ளே வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல ஜல்லி, எவ்வளவு நல்ல தார் போட்டாலும் ரோடு அந்தப் பள்ளத்தின் கோட்டிலேயே நீளவாக்கில் உட்காரும்.

சரி, அவசரம் எங்கிருந்து வருகிறது? தெருவில் குடியிருப்பவர்களிடமிருந்து என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. வாசலில் பலகை போட்டு நடக்கிறவர்கள், வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறவர்கள், ஆம்புலன்ஸ் வர வழியில்லையே என்று பயப்படுகிறவர்கள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்பங்க மூடுவீங்க?" ஒரு வயதான அம்மா தினமும் என்னிடம் கேட்பார். அவர் கணவருக்குச் சக்கர நாற்காலி. நான் அவரிடம் வாட்டக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. "நாளைக்கு உங்க வாசல் பக்கம் முடிஞ்சிரும்மா" என்று சொல்ல முடிந்த நாட்களில் அவர் பொறுத்துக்கொண்டார். அப்படிச் சொல்ல முடியாத நாட்களில் கோபப்பட்டார். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

மீதிப் பாதி பணம் கொடுக்கும் முறையிலிருந்து வருகிறது. குழாய் பதித்த நீளத்தை மீட்டரில் அளந்து பட்டியல் போடும் வழக்கத்தில், பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கினாலே பெரும்பகுதித் தொகை வந்துவிடும். மூடுவதற்கும் சாலையைச் சீராக்குவதற்கும் மிச்சம் இருப்பது கொஞ்சம். அப்படியானால் எந்த ஒப்பந்ததாரரும் முடிந்தவரை நீளமாகத் திறந்துகொண்டே போவார், பின்னால் மூடும் குழுவைச் சின்னதாக வைப்பார். ஒரே நேரத்தில் அரை ஊர் திறந்து கிடக்கும். மழை ஒன்று வந்ததும் எல்லா இடத்திலிருந்தும் ஒரே நாளில் புகார் வரும். அப்போது மேலிருந்து உத்தரவு வரும்: உடனே மூடுங்கள். அந்த உத்தரவின் கீழ் மூடப்பட்ட பள்ளங்களைத்தான் பிறகு நாம் வருடக்கணக்கில் பேட்ச் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அனுபவத்தில் பட்டது இதுதான். வேகத்தைக் கூட்ட மூடும் நேரத்தில் கை வைக்கக் கூடாது. திறக்கும் நீளத்தில் கை வைக்க வேண்டும். ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை திற, இறக்கு, பார், மூடு, சோதனை செய். அது தேறிய பிறகு அடுத்த இடைவெளிக்கான அனுமதி. முதலில் ஒப்பந்ததாரருக்கு இது பிடிக்கவில்லை, இயந்திரம் சும்மா நிற்கிறது என்றார். சில வாரங்களில் இரண்டு குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக நகரத் தொடங்கியதும் அவரே இதை விட்டுக்கொடுக்கவில்லை. இடிந்து விழுந்ததை மறுபடி தோண்டும் செலவு இல்லாமல் போனது அவருக்கும் லாபம்தான்.

வளரும் ஊர் என்பதால் வரும் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக 30 ஆண்டுகள் கழித்து வரப்போகும் மக்கள்தொகையை நினைத்துக் குழாயின் அளவை முடிவு செய்வார்கள். அது சரிதான். ஆனால் கூட்டங்களில் "எதற்கும் இருக்கட்டும், இன்னும் பெரிதாகப் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். பெரிய குழாயைக் குறைந்த வாட்டத்திலும் போடலாம், ஆழம் மிச்சமாகும் என்ற ஆசையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இன்றைக்கு அந்தத் தெருவில் பாதி மனை காலி. கொஞ்சம் தண்ணீர் பெரிய குழாயின் அடியில் மெல்லிசாக, மெதுவாகப் போகும். கசடு தங்கும். தங்கிய கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அது குழாயின் மேற்பகுதி ஈரத்தில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். இதைச் செய்யும் நுண்ணுயிரை ஆஸ்திரேலிய ஆய்வாளர் பார்க்கர் 1945-இலேயே பிரித்துக் காட்டினார். அதைவிட முக்கியம், அதே வாயுதான் மேன்ஹோலில் இறங்குபவரைக் கொல்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் திரும்பி வருவதில்லை. அடைப்பு வராத வாட்டத்தை இன்றைக்குக் கொடுப்பது, நாளைக்கு ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் அனுப்பும் தேவையைக் குறைப்பது. வரைபடத்தில் வாட்டத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வீட்டு இணைப்பை ரோடு போடும் முன்பே ஒவ்வொரு மனையின் எல்லை வரை, காலி மனையானாலும், கொண்டுபோய் மூடி வைத்துவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வீடு கட்டும் ஒவ்வொருவரும் புது ரோட்டை வெட்டுவார்கள், பிளம்பர் சுத்தியலால் குழாயை உடைத்து இணைப்பு கொடுப்பார். மாடியில் விழும் மழைத் தண்ணீரையும் அதிலேயே விடுவார்கள். மழை நாளில் மேன்ஹோல் பொங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ரோட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் வீடுகள் பள்ளத்துக்குள் போகும். பள்ளம் தோண்டும் வேலையோடு சேர்ந்தே மட்டத்தைச் சரிசெய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

அடுத்த திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு விஷயம். குழாய் பதித்ததற்கான தொகையில் கணிசமான பங்கை, பள்ளம் மூடி, கெட்டிப்பு சோதனையும் இரண்டாவது கண்ணாடிச் சோதனையும் தேறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எவ்வளவு நீளம் திறந்திருக்கலாம் என்பதை மீட்டரில் எழுதி, அதைத் தெருவின் முனையில் எல்லோரும் படிக்கும்படி பலகையில் போட வேண்டும். பிறகு தெருவில் இருப்பவர்களே அளந்து பார்த்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது தளத்தில் நிற்கும் பொறியாளருக்கும் மேலதிகாரியிடம் "முடியாது, இன்னும் மூடவில்லை" என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.