பாம்பன் பக்கத்திலிருந்து ப்ளஸ் டூ இயற்பியலும் வேதியியலும்

எங்கள் பக்கம் ஒரு பெண் முதல் குரூப் எடுத்திருக்கிறாள் என்றால், "பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் தாங்குவியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பாம்பன் பக்கத்துப் பிள்ளை. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போகிறார். நல்ல ட்யூஷன் வேண்டுமென்றால் ராமநாதபுரத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போய்த் திரும்புவதிலேயே படிக்கிற நேரம் கரைந்துவிடும். அதனால் பள்ளிக்கூடம், பாடப்புத்தகம், கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள், இவற்றை வைத்துத்தான் படித்து முடித்தேன். இப்போது கல்லூரியில் வேதியியல் முதலாமாண்டு. அடுத்து ப்ளஸ் டூவுக்குப் போகிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டையும் அறிவியல் என்று ஒரே கூடையில் போட்டு, ஒரே மாதிரி படிக்காதீர்கள். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இயற்பியல் படத்திலிருந்து தொடங்குகிறது. வேதியியல் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பில் இருக்கிறது.

இயற்பியலில் 11 பாடம், இரண்டு தொகுதி. முதல் தொகுதி முழுக்க மின்சாரமும் காந்தமும்தான். நிலைமின்னியல்தான் முதல் பாடம், அங்கேயே பலர் பயந்துவிடுகிறார்கள். மின் இருமுனையின் (சமமான, எதிரெதிரான இரண்டு மின்னூட்டம் சேர்ந்தது) அச்சுக்கோட்டில் மின்புலம், நடுவரைக்கோட்டில் மின்புலம் என்று இரண்டு டெரிவேஷன் வரும். வரி வரியாக மனப்பாடம் செய்தால் இரண்டும் குழம்பும். நான் செய்தது இதுதான்: புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் போடுவேன். இரண்டு மின்னூட்டம், ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் இரண்டு அம்புக்குறி. அச்சுக்கோட்டில் அம்புகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், அதனால் கழிக்க வேண்டும். நடுவரைக்கோட்டில் அவை சாய்ந்து நிற்கின்றன, அதனால் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். இது தெரிந்தால் முதல் வரி தானாக வந்துவிடும். தொலைவான புள்ளிக்கு முதலாவது இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு என்று கடைசியில் வரும்போது, விடை சரிதானா என்று நாமே சோதித்துக்கொள்ளலாம். மாறுதிசை மின்னோட்டத்திலும் அப்படித்தான். மின்தூண்டியில் மின்னோட்டம் 90 டிகிரி பின்தங்கும், மின்தேக்கியில் 90 டிகிரி முந்தும். கட்ட வெக்டர் படத்தைக் கையால் வரைந்து பழகியவர்களுக்கு இது மறக்காது.

ஒளியியலில் தோற்ற ஆழம் என்று ஒரு பகுதி உண்டு. அதைப் படித்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியுமே புள்ள, கண்ணுக்குத் தெரியுற எடத்துல பாசி இருக்காது, கை இன்னும் கீழ போகணும்" என்றார். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 4/3. நேர் மேலே இருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடியாகத்தான் தெரியும். முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கினாலும் இதே கதைதான். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று இருக்கிறதே, அதனால் பாசியும் மீனும் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். அம்மாவும் அவரோடு போகிறவர்களும் பல வருஷமாகக் கையாலேயே திருத்திக்கொள்கிற கணக்கு அது. இதற்கு அப்புறம் அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு சூத்திரம்கூட அந்நியமாகத் தெரியவில்லை.

வேதியியலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது மின்வேதியியல். டேனியல் மின்கலத்தில் துத்தநாகம் ஒரு பக்கம், தாமிரம் ஒரு பக்கம், நடுவில் உப்புப் பாலம். அந்த வளைந்த குழாய்க்குள் பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் அகர் கூழ் இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. அயனிகள் போய்வர வேண்டும், ஆனால் இரண்டு கரைசலும் கலந்துவிடக் கூடாது. அந்த வேலையைத்தான் கூழ் செய்கிறது. அந்த அகர் எதிலிருந்து வருகிறது? மன்னார் வளைகுடாவில் எங்கள் ஊர்ப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். வகுப்பில் டீச்சர் இதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. பாடப்புத்தகத்தில் நம் கடலும் இருக்கிறது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அந்தப் பாடத்தின் கணக்குகள் சுலபம், குறியீட்டில் மட்டும் கவனம் வேண்டும். திட்ட ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை ஏற்கும் போக்கின் அளவு, தாமிரத்துக்கு +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட். எதிர்மின்வாயின் மதிப்பிலிருந்து நேர்மின்வாயின் மதிப்பைக் கழித்தால் 1.10 வோல்ட். இந்த மின்கலத்தில் எதிர்மின்வாய் தாமிரம், ஆக்சிஜனேற்றம் நடக்கிற நேர்மின்வாய் துத்தநாகம். இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரும்புக்கு −0.44. துத்தநாகத்தின் மதிப்பு அதைவிடக் குறைவு, எலக்ட்ரானை அது இன்னும் சுலபமாக விட்டுவிடும். அதனால்தான் துத்தநாகத்தை இரும்போடு சேர்த்து வைத்தால் துத்தநாகம் முதலில் அரிக்கப்படுகிறது, இரும்பு தப்பிக்கிறது. படகின் அடியில் இரும்புப் பாகத்தோடு துத்தநாகக் கட்டியைப் பொருத்துவது இதற்காகத்தான். உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு எத்தனை பெயின்ட் அடித்தும் துரு விட்டதில்லை.

அயனிச் சமநிலையில் கரைதிறன் பெருக்கம் (அயனிச் செறிவுகளின் பெருக்கம் எந்த எல்லையைத் தாண்டினால் உப்பு படியுமோ அது) எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. வாலிநோக்கத்தில் உப்பளத்தில் வேலை பார்க்கிற சித்தி வீட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது. கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது, உப்பு விளைவதற்கு முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிடுகிறது. கடல்நீரில் அது உப்பைவிட மிகவும் குறைவு, ஆனாலும் அதுதான் முன்னால் படிகிறது. ஏனென்றால் அதன் கரைதிறன் குறைவு, அயனிப்பெருக்கம் சீக்கிரமே எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் உப்பு. மக்னீசியம் உப்புகள் மிஞ்சிய கசப்பு நீரில் நின்றுவிடும்.

கரிம வேதியியலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வினைகளை வரிசையாக எழுதிப் படித்தால் மண்டையில் நிற்காது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு பெரிய படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். நடுவில் பென்சீன் டையசோனியம் குளோரைடு. அது மானாமதுரை ஜங்ஷன் மாதிரி, அங்கே வந்துவிட்டால் எந்தப் பக்கமும் போகலாம். தண்ணீர் சேர்த்துச் சூடாக்கினால் பீனால், பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் அயோடோபென்சீன், குப்ரஸ் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் குளோரோபென்சீன், ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் சேர்த்தால் வெறும் பென்சீன். அங்கே வந்து சேருகிற வழி அனிலீன், 273 முதல் 278 கெல்வினுக்குள். இந்த வெப்பநிலையை எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு அம்புக்கும் மேலே வினைபொருள், கீழே நிபந்தனை என்று எழுதுங்கள். கன்னிசரோ, ஆல்டால், ஹாஃப்மன், ரீமர்–டீமன் என்று பெயர் வினைகளைப் படத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டேன். அணைவுச் சேர்மங்களுக்கும் உலோகவியலுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை முழுசாகச் செய்தால் போதும்.

செய்முறைத் தேர்வை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10, ஆக 30 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மின்தடை அளக்கிற மீட்டர் சமனச்சுற்றின் முனைகளில் எப்போதும் பச்சை பூத்திருக்கும். இணைப்பு கொடுக்கும் முன் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவேன். அப்புறம் கம்பியின் இரண்டு ஓரத்திலும் தொட்டுப் பார்த்து, கால்வனாமீட்டர் முள் இரண்டு பக்கமும் எதிரெதிராக விலகுகிறதா என்று பார்ப்பேன். விலகினால் சுற்று சரி. வேதியியலில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் வந்தால் பியூரெட்டை முதலில் தண்ணீரால், பிறகு அதே கரைசலால் அலசுங்கள். நிறம் அடர்த்தி என்பதால் மேல் பிறைமட்டத்தை (வளைந்து நிற்கும் திரவ மட்டத்தின் மேல் விளிம்பை) படியுங்கள். நிலைத்து நிற்கிற வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு துளிகூட வேண்டாம்.

வினாத்தாள் 70 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் 9க்கு 6, மூன்று மதிப்பெண்ணில் 9க்கு 6, ஐந்து மதிப்பெண்ணில் 5. 24ஆம் வினாவும் 33ஆம் வினாவும் கட்டாயம். இயற்பியலில் அவை பெரும்பாலும் கணக்காகவே வரும், அதனால் கணக்கை ஒதுக்கிவிட்டுப் படிக்க முடியாது. கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். அதைப் பார்த்துப் பழகுவதை மார்ச் வரை தள்ளிப்போடாமல், அரையாண்டுக்கு முன்பே ஒவ்வொரு கணக்கையும் அட்டவணை வைத்தே போடுங்கள். காலை 10 மணிக்குத் தருகிற பத்து நிமிட வாசிப்பு நேரத்தில் நான் முதலில் பார்த்தது 33ஆவது வினாவைத்தான். மணி 10.15க்கு எழுதத் தொடங்கும்போது அதற்கு எந்தச் சூத்திரம் என்பது மனதில் தயாராக இருந்தது.