தூணுக்கு அடியில் ஒரு கல்

நான் கட்டிய சின்ன மரவீட்டின் அளவு 12க்கு 16 அடி. இந்த அளவை எடுத்ததற்குக் காரணம், மூலைவிட்டம் சரியாக 20 அடி வரும். நூல் கட்டி நான்கு மூலைக்கும் முளை அடித்த பிறகு, மூலைகள் செங்கோணமா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தேன். ஒன்று 20 அடி, மற்றது 20 அடி அரை அங்குலம். அந்த அரை அங்குலத்தைச் சரிசெய்ய ஒரு காலைப் பொழுது முழுக்கப் போயிற்று. போகட்டும் என்று விட்டிருந்தால் கூரை போடும்போது வந்து நின்றிருக்கும்.

மரச்சட்டகத்தில் வீடு கட்டப் பல முறைகள் இருந்தாலும் சின்ன வீட்டுக்கு நான் யோசித்தவை இரண்டுதான். ஒன்று, மெல்லிய சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, ஆணியடித்து, மேலே பிளைவுட் போர்த்துவது. 4 அடி அகலத் தகட்டின் விளிம்பு ஒவ்வொரு மூன்றாவது சட்டத்திலும் சரியாக வந்து விழும். 1830களில் சிகாகோ பக்கம் பரவிய இதன் பழைய வடிவத்தில் சட்டங்கள் அடியிலிருந்து கூரை வரை ஒரே நீளமாக இருந்தன. தீப்பிடித்தால் சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக நெருப்பு நேரே மேலேறிவிடும். பிற்பாடு மாடிக்கு மாடி தளம் போட்டுக் கட்டும் வழக்கம் வந்து அதை அடைத்தது. சீக்கிரம் குடிபோக வேண்டியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நான் எடுத்தது இன்னொன்று: தடித்த தூண், உத்திரம், கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய மரமுனை) போட்ட இணைப்பு. வேலை அதிகம். ஆனால் சட்டகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். எங்கே நனைகிறது, எங்கே கரையான் ஏறுகிறது என்பதை மறைக்காது.

முதலில் தூணின் அடி. மண்ணில் குழி தோண்டித் தூணை நட்டால் அன்றைக்கு உறுதியாகத்தான் தெரியும். மரம் தன் நீளவாக்கில் தண்ணீரை உறிஞ்சும். வெட்டுமுனைதான் அதன் வாய். நார்வேயில் பழைய மரத் தேவாலயங்களின் தூண்களை மண்ணில் நட்டார்கள். அவை அடியில் இற்றுப்போயின. பின்னால் வந்தவர்கள் கல் வைத்து, அதன்மேல் அடிச்சட்டம் போட்டு, அதில் தூணை நிறுத்தினார்கள். 12ஆம் நூற்றாண்டின் போர்குண்ட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. நானும் ஒவ்வொரு தூணுக்கும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கல் வைத்தேன். காற்றில் நகராமலிருக்கக் கல்லிலிருந்து தூணுக்குள் ஓர் இரும்புக் கம்பி ஏறுகிறது.

கழுந்து வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது முளை அடிப்பது. தூணில் பொளித்த துளைக்குள் உத்திரத்தின் கழுந்து போகும். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு மரமுளை. கழுந்தில் போடும் ஓட்டையைத் தூணின் ஓட்டைக்கு நேராகப் போடக் கூடாது. உத்திரத்தின் தோள் (கழுந்து தொடங்கும் இடத்திலுள்ள படி) பக்கமாகச் சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். முளை உள்ளே போகப் போக வளைந்து கழுந்தை இழுக்கும். கொட்டாப்புளியால் நாலு அடி அடித்ததும் திறந்திருந்த தோள் மெல்ல மூடியது. ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. முளை மட்டும் நன்றாகக் காய்ந்த மரமாக, ரம்பத்தால் அறுக்காமல் நார்வாக்கில் பிளந்ததாக இருக்க வேண்டும். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு வளையும்போது முறியும்.

நான்கு தூணும் உத்திரமும் ஏறிய மாலை, ஒரு மூலைத்தூணில் கையை வைத்துத் தள்ளினேன். முழுச் சட்டகமும் ஆடியது. மறுநாள் தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே சாய்வுச் சட்டங்கள் எட்டையும் ஏற்றினேன். அதே தூண், அதே கை. இப்போது தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. நாற்கோணம் எவ்வளவு தடியாக இருந்தாலும் சாயும். முக்கோணம், பக்கம் உடைந்தாலொழிய உருமாறாது. ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். உள்ளங்கையில் உணர்ந்த பிறகு அதன் மதிப்பே வேறு.

ஒரு தவறும் செய்தேன். தூண்கள் முழுதாகக் காயவில்லை. மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். 6 அங்குலத் தூண் காய்ந்து முடிவதற்குள் கால் அங்குலம்கூடப் போகலாம். இது தெரிந்தும், தூண்களுக்கு நடுவே சுவரை நிரப்பும்போது பூச்சை மரத்தோடு ஒட்டியே முடித்துவிட்டேன். அடுத்த வெயில் காலத்தில் தூணின் இரு பக்கமும் கோடு விட்டது. காசைச் செருகலாம், உள்ளிருந்தே வெளிச்சம் தெரிந்தது. பூச்சை உடைத்து, தூணின் பக்கவாட்டில் உளியால் காடி (நீளவாக்கில் ஒரு பள்ளம்) எடுத்து, சுவர்ப் பலகையின் விளிம்பை அந்தக் காடிக்குள் நிறுத்தினேன். இப்போது மரம் சுருங்கினாலும் பலகை காடிக்குள்ளேயே நிற்கிறது. முதலிலேயே தூணைப் படுக்கவைத்துக் காடி எடுத்திருந்தால் ஒரு நாள் வேலை. நின்ற தூணில் எடுக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

கூரையை எல்லாப் பக்கமும் 2 அடி வெளியே இறக்கியிருக்கிறேன். நேற்றுக் கனமழை. விடிந்ததும் குனிந்து ஒவ்வொரு தூணடியையும் தடவிப் பார்த்தேன். கல் நனைந்திருந்தது. மரம் காய்ந்திருந்தது.