இஸ்கேலே

நவம்பர் 4, 2024, திங்கள். தூஸ்லா

எங்கள் கப்பல் சனிக்கிழமை ட்ரைடாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டியில், ஏறிவிட்டது. தூஸ்லா இஸ்தான்புலின் ஆசியக் கரையில், மர்மரா கடலோரம் இருக்கிறது. திரும்பிய பக்கமெல்லாம் கப்பல் பட்டறைதான், இரவிலும் வெல்டிங் வெளிச்சம் அணைவதில்லை.

இன்று ஒரே ஒரு சொல்லால் அரை நாள் வேலை போனது. பிழை என்னுடையது. வலப்பக்கத் தகடுகளின் தடிமனை அளக்க வேண்டிய நாள். காலையில் பட்டறை மேஸ்திரி டாக்கின் அடியில் நின்று என்னைப் பார்த்து, “இஸ்கேலே?” என்று கத்தினார். மேஸ்திரியை இங்கே உஸ்தா என்கிறார்கள். துறைமுகத்துக்குள் எங்களைக் கொண்டுவந்த பைலட் இழுவைக் கப்பல்களோடு பேசும்போது இடப்பக்கத்தை இஸ்கேலே என்றும் வலப்பக்கத்தை சன்ஜாக் என்றும் சொன்னதைக் கேட்டிருந்தேன். அந்த நினைப்பில், “இல்லை, சன்ஜாக்!” என்று பதில் கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மதியம் இரண்டு மணிக்கு வலப்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு குழாய்கூட நிற்கவில்லை. சாரம் கட்டும் ஆட்கள் பக்கத்து டாக்கிலிருந்த வேறொரு கப்பலுக்குப் போய்விட்டார்கள். உஸ்தா கேட்டது “சாரம் கட்டட்டுமா?” என்று. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் உஸ்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “காப்தான்” என்று கூப்பிட்டு உட்காரவைத்து, இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் கிளாஸில் டீ கொடுத்தார். நான் கேப்டனுக்கு அடுத்த நிலையிலுள்ள சீஃப் ஆபீசர்தான். ஆனாலும் அவருக்குக் கப்பலிலிருந்து இறங்கிவரும் எல்லாரும் காப்தான்.

என் நோட்டை வாங்கி ஒரு கப்பல் வரைந்தார். பக்கத்தில் கடலுக்குள் நீளும் மேடை, அது இஸ்கேலே. கப்பலிலிருந்து அந்த மேடைக்கு இறங்கும் ஏணி, அதுவும் இஸ்கேலே. கப்பலின் இடப்பக்கம் இஸ்கேலே. கட்டடத்திலும் கப்பலிலும் கட்டுகிற சாரம் இஸ்கேலே. நான்கையும் வரைந்துவிட்டு, கயிறு கட்டும் இரும்புக் குற்றி ஒன்றையும் மேடைமேல் போட்டு, “இது பாபா” என்றார். பாபா என்றால் அப்பா. அவ்வளவு பெரிய கப்பலை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அந்தப் பெயர் சரிதான் என்று தோன்றியது.

ராத்திரி அகராதியைப் புரட்டினேன். இஸ்கேலே இத்தாலிய மொழியின் ஸ்காலாவிலிருந்து வந்தது. ஸ்காலா என்றால் ஏணி. வெனிஸ், ஜெனோவா வணிகர்கள் கிழக்கு மத்தியதரைக் கடலில் ஏணி போட்டு இறங்கிய இடமெல்லாம் ஸ்காலா ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் துறைமுக ஊர்களை லெவாந்தின் ஏணிகள் என்றே அழைத்தார்கள். சைப்ரஸில் லார்னாகாவின் கடலோரப் பகுதியும் ஸ்காலாதான், துருக்கி மொழியில் இஸ்கேலே. தீவு இரண்டாகப் பிரிந்த 1974-க்குப் பிறகு அங்கிருந்து இடம்பெயர்ந்த துருக்கிய சைப்ரஸ்காரர்கள், குடியேறிய ஊருக்கு யெனி இஸ்கேலே, அதாவது புது இஸ்கேலே என்று பெயர் வைத்தார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் பெயரை விட்டு வரவில்லை. இதைப் படித்தபின் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சாரம் ஏறிவிட்டது, வேலை நடக்கிறது.

துருக்கிச் சொல்லைப் பார்த்து ஆச்சரியப்பட்ட எனக்கு, தினமும் வாயில் புழங்கும் ‘போர்ட்’ ஏன் உறைக்கவில்லை என்று இன்று தோன்றியது. போர்ட் என்றால் துறைமுகம். போர்ட் என்றால் கப்பலின் இடப்பக்கம். இஸ்கேலே செய்திருக்கும் அதே வேலை! கரையின் பெயரே இடப்பக்கத்துக்கும் பெயர்.

காரணம் சுக்கானில் இருக்கிறது. நடுவில் சுக்கான் மாட்டும் வழக்கம் வருவதற்கு முன், வட ஐரோப்பியக் கப்பல்களில் பின்பக்கம் வலது விளிம்பில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டித்தான் திருப்பினார்கள். திருப்பும் பக்கம் என்ற பொருளில்தான் ஸ்டார்போர்டு என்ற சொல் பிறந்தது, நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தத் துடுப்பு கரையில் மோதி நசுங்கக் கூடாது என்பதால் இடப்பக்கத்தைத்தான் கரையோடு அணைப்பார்கள். ஜெர்மன்காரர்கள் இடப்பக்கத்தை பாக்போர்டு என்கிறார்கள், துடுப்புப் பிடிப்பவனின் முதுகு இருக்கும் பக்கம்.

ஆங்கிலத்தில் இடப்பக்கத்துக்கு முன்பு லார்போர்டு என்றுதான் பெயர். ஸ்டார்போர்டு, லார்போர்டு: புயலில், பாய்மரத்து உச்சியில் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டை விலக்கி, ஏற்கெனவே வழக்கிலிருந்த போர்ட்டையே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்கக் கடற்படையும் அப்படியே செய்தது. திங்கட்கிழமை என் கதைக்குப் பிறகு அந்த ஆணையின் அருமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

கப்பலின் வட்ட ஜன்னலை போர்ட் ஹோல் என்கிறோமே, அந்த போர்ட் வாசலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான போர்த்தாவிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரில் வயர் சொருகும் போர்ட்டும் அந்த வாசல்தான். போர்ட் ஒயின் போர்ச்சுகலின் போர்த்தோ நகரத்திலிருந்து கப்பலேறியது. அந்த ஒயினும் சிவப்பு, இடப்பக்க விளக்கும் சிவப்பு. கேடட்டாக இருந்தபோது எங்களுக்கு அதை அப்படித்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

நவம்பர் 8, வெள்ளி

பட்டறைக்குப் பக்கத்து மார்மராய் ரயில் நிலையத்தின் பெயர் தெர்சானே. கப்பல் பட்டறை என்று பொருள். வேலை நடக்கும் வீடு என்ற அரபுத் தொடர் இத்தாலிக்குப் போய், அங்கிருந்து துருக்கிக்கு இப்படி வந்தது. அதே அரபுத் தொடர் ஆங்கிலத்தில் ஆர்சனல் ஆனது. மழை, வேறொன்றும் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு. காதிகோய், பெஷிக்தாஷ்

விடுப்பு கிடைத்தது. தெர்சானேயில் ரயிலேறி, காதிகோய் படகுத்துறைக்கு வந்தபோது மணி ஒன்பது. அதுவும் இஸ்கேலேதான், பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. 1938-இல் இதே நாளில் காலை 9:05-க்குத் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாத்துர்க் காலமானார். சரியாக அந்த நிமிடம் சைரன் ஒலித்தது. துறையில் இருந்த எல்லாப் படகுகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. சிமிட் என்ற எள் தூவிய வளைய ரொட்டி விற்றவர் கையைத் தொங்கவிட்டு நின்றார். பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். நானும் நின்றேன். அந்தச் சத்தம் உள்ளங்காலில் அதிர்ந்தது.

அப்புறம் படகில் பெஷிக்தாஷ். இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே கடற்படை அருங்காட்சியகம். ஒட்டோமான் கடற்படைத் தளபதி பர்பரோஸ் ஹைரெத்தின் பாஷாவின் கொடி அங்கே இருக்கிறது. 1538-இல் பிரெவேசா கடற்போரில் வென்றவர். அவருடைய கல்லறையும் வெளியே சில அடி தூரத்தில்தான், ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. கொடியில் இரட்டை நாக்கு வாள், விரித்த கை, ஆறுமுனை நட்சத்திரம். நிறம் பச்சை, இப்போது மங்கியிருக்கிறது.

இந்தக் கொடியின் பெயர்தான் சன்ஜாக். குத்துதல் என்ற பழைய துருக்கி வினையிலிருந்து வந்த சொல், நிலத்தில் குத்தி நிறுத்துவது. சுருக்கென்று குத்தும் வயிற்றுவலிக்கும் பிரசவ வலிக்கும் சன்ஜி என்று பெயர், அதுவும் இதே வேர். சுல்தான் கொடியைக் கையில் கொடுத்து அனுப்பியவர் ஆண்ட பகுதியும் சன்ஜாக் ஆனது. செர்பியா, மாண்டினீக்ரோ எல்லையில் ஒரு வட்டாரத்துக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. அது எப்படிக் கப்பலின் வலப்பக்கமாயிற்று? வலப்பக்கம் மரியாதைக்குரிய பக்கம், அங்கேதான் கொடி ஏறும் என்பது உஸ்தா சொன்ன காரணம். வலப்பக்க விளக்கும் பச்சைதான் என்பது கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது.

இதில் எனக்குப் பழகிய ஒன்று இருக்கிறது. நம் துறை என்ற சொல்லும் இப்படித்தானே வளர்ந்திருக்கிறது? மயிலாடுதுறையிலும் பருத்தித்துறையிலும் அது நீரில் இறங்குமிடம், கோட்டையில் அது நிதித்துறை, அகத்திணைப் பாட்டில் வேறொரு துறை.

திரும்பும்போது வேகப்படகு ஒன்று கடந்துபோனது. இரண்டு உடல் கொண்டது. துருக்கியிலும் அதற்குக் காதாமரான் என்றே பெயர். நம் கட்டுமரம் எத்தனை கை மாறி இங்கே வந்திருக்கிறது!

நவம்பர் 13, புதன்

இரவு மகளோடு வீடியோ கால். கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். “அப்பா, என் ஸ்கேல் உடைஞ்சுபோச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் பொறி தட்டியது.

ஸ்கேல்! எழுந்துபோய் அகராதியைத் திறந்தேன். அளவுகோலைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லும் அதே ஸ்காலா, அதே ஏணி. கோடு கோடாக ஏறும் அளவு, படி படியாக ஏறும் ஏணி. இசையில் ஸ்வரம் ஏறும் வரிசைக்கும் அதே பெயர். தூத்துக்குடியில் என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் கிடப்பதும், இங்கே என் கப்பலின் விலாவில் ஏழு மாடி உயரத்துக்கு நிற்பதும் ஒரே சொல். ஒரு கிளை ஆங்கிலத்தின் வழியாக எங்கள் வீட்டு மேசைக்கு வந்தது, இன்னொரு கிளை வெனிஸ் கப்பலேறி இந்தக் கடலுக்கு வந்தது. அவளை உடனே எழுப்பிச் சொல்லத் தோன்றியது. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

சாரம் பிரித்தாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு டாக்கில் தண்ணீர் விட்டார்கள். பத்தரைக்குக் கப்பல் மிதந்தது. பைலட் ஏறினார். பட்டறையின் மேடைக்கே போய், இடப்பக்கத்தை அணைத்துக் கட்ட வேண்டும், நாளை மாலை புறப்பாடு. பின்னோக்கிப் போகும்போது அவர் வாக்கிடாக்கியில் “தோர்னிஸ்தான்” என்றார். டர்ன் ஆஸ்டர்ன் என்ற நம் ஆங்கிலக் கட்டளைதான் துருக்கி வாயில் அப்படி ஆகியிருக்கிறது.

அப்புறம் “இஸ்கேலே” என்றார். இடப்பக்கம் பார்த்தேன். மேடை நெருங்கி வந்தது. முதல் கயிறு போய் பாபாவின் கழுத்தில் விழுந்தது. மேடையில் உஸ்தா நின்றிருந்தார், தலையில் மஞ்சள் ஹெல்மெட். என்னைப் பார்த்ததும் கையைக் குவித்து, “இஸ்கேலே?” என்று கத்தினார்.

அவர் கண் போன திசையைப் பார்த்தேன். மேடைக்கு இறங்கும் ஏணி, எங்கள் கேங்வே, இன்னும் மடக்கியபடியே இருந்தது.

“ஆமாம், உஸ்தாம், இறக்குகிறோம்” என்று கத்திவிட்டு, மாலுமிகளின் மேஸ்திரியான போசனுக்குக் கை காட்டினேன்.